கார் ஆம்புக்கு எந்த கேபிள்? செம்பா, செம்பு பூசிய அலுமினியமா?

மேசை மேல் இரண்டு துண்டு வயர் கிடக்கிறது. இரண்டும் சிவப்பு. இரண்டிலும் பருமனைச் சொல்லும் "4 கேஜ்" என்ற எண் அச்சடித்திருக்கிறது. பருமனும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் கனக்கிறது, மற்றது ரப்பர் குழாய்த் துண்டு மாதிரி லேசாக இருக்கிறது. முனையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முதலாவதில் மெல்லிய உறை, மீதி எல்லாம் உலோகம். இரண்டாவதில் தோல் தடித்துச் சுளை சிறுத்த பழம் மாதிரி உறைதான் பெரும்பங்கு, நடுவில் கொஞ்சமாக இழைகள். அதில் ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அது அலுமினியம்.

இந்த இரண்டாவது துண்டு என் முதல் காரில் ஒன்றரை வருடம் ஓடியது. பேட்டரி போனட்டுக்குள், பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) டிக்கியில், நடுவில் ஐந்து மீட்டருக்கு இந்த வயர். ஒரு நீண்ட பயணத்தில் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரங்கட்டி போனட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் ஹோல்டரின் ஒரு முனை உருகி வளைந்திருந்தது. அதை ஒட்டி வயரின் சிவப்பு உறை அரை விரல் நீளத்துக்குப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் மட்டும் முழுசாக இருந்தது. அது போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்ற கேள்விதான் என்னை இந்த வயர் விஷயத்துக்குள் இழுத்தது. ஃபியூஸுக்குத் தெரிந்தது கரண்டின் அளவு மட்டும். அன்று ஓடிய கரண்ட் அதன் வரம்புக்குள்தான் இருந்தது. ஸ்க்ரூவுக்கு அடியில் அலுமினிய இழைகள் நசுங்கித் தளர்ந்து, அந்த இணைப்பில் தடை ஏறியிருந்தது. 20 மில்லி ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் வழியே 50 ஆம்பியர் போனால் 50 வாட் சூடு அங்கேயே பிறக்கும். சாதாரண சால்டரிங் அயர்ன் அந்த அளவுதான். அதை ஒரு பிளாஸ்டிக் ஹோல்டருக்குள் செருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

அதற்குப் பிறகு வயர் வாங்கும்போது என் கவனம் போகும் வரிசை மாறிவிட்டது. முதலில் பவர் கேபிள். அடுத்து எர்த். பிறகு ஃபியூஸும் இணைப்புகளும். ஸ்டீரியோவில் இருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளும் ஸ்பீக்கர் வயரும் கடைசி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். தங்க முலாம் பூசிய ஆர்சிஏவுக்கு மனசார செலவழித்துவிட்டு, ஆம்புக்குச் சோறு போடும் கேபிளில் மிச்சம் பிடிக்கிறார்கள். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எவ்வளவு கரண்ட், எவ்வளவு தூரம்

எந்த கேஜ் வேண்டும் என்பதை இரண்டு எண்கள் முடிவு செய்யும். ஆம்ப் இழுக்கும் கரண்ட் ஒன்று, பேட்டரியில் இருந்து ஆம்ப் வரை வயர் போகும் நீளம் இன்னொன்று.

கரண்டைக் கண்டுபிடிக்க, பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை மறந்துவிடுங்கள். ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டை மட்டும் எடுங்கள். சிஇஏ 2006 (இப்போது சிடிஏ 2006) என்ற பொது அளவு முறைப்படி அளந்தது என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். 14.4 வோல்டில், 4 ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்கு மேல் ஒலிச் சிதைவு இல்லாமல் கிடைக்கும் வாட் அது. வாட் எண் மேல் சந்தேகம் வந்தால் ஆம்பின் முதுகில் இருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். ஒரே ஒரு 40 ஆம்பியர் ஃபியூஸை வைத்துக்கொண்டு 2000 வாட் என்று சொல்லும் ஆம்புக்கு உள்ளே போவதே 40 × 14.4, அதாவது 576 வாட்தான். உள்ளே போகாதது வெளியே வராது.

உதாரணத்துக்கு மொத்தம் 600 வாட் ஆர்எம்எஸ் என்று கொள்வோம். மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் திறன் சுமார் 80 சதவீதம். அப்போது உள்ளே 750 வாட் வேண்டும். ஓடும் இன்ஜினில் 13.5 வோல்ட் என்று வைத்தால் சுமார் 56 ஆம்பியர். அதே 600 வாட், பழைய பாணி கிளாஸ் ஏபி ஆம்பாக இருந்தால், 60 சதவீதத் திறனில் 74 ஆம்பியர் இழுக்கும். இதெல்லாம் இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினால் வரும் கணக்கு. பாட்டில் உச்சம் வரும், அடங்கும், சராசரி இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் கேபிளை உச்சத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேஜ் எண் சின்னதாக ஆக வயர் தடிக்கும். மூன்று எண் இறங்கினால் உலோகத்தின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அமெரிக்க அளவீட்டில் 8 கேஜ் என்றால் 8.4 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் 21 சதுர மில்லிமீட்டர், ஜீரோ கேஜ் 53.5 சதுர மில்லிமீட்டர். நம் 56 ஆம்பியரை ஐந்து மீட்டர் சுத்தச் செம்பில் அனுப்பினால் 8 கேஜில் 0.58 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். 4 கேஜில் 0.23 வோல்ட். ஜீரோ கேஜில் 0.09 வோல்ட்.

இந்த அரை வோல்ட் போனால் காதுக்குத் தெரியுமா? உண்மையைச் சொன்னால், அவ்வளவாகத் தெரியாது. வோல்டேஜ் குறைந்தால் பவர் குறைகிற சாதாரண ஆம்பில் 13.5 வோல்ட் 13 ஆகும்போது போவது சுமார் 7 சதவீதப் பவர், டெசிபலில் 0.3. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம். தடித்த கேபிள் போட்டதும் பேஸ் இரண்டு மடங்கானது என்று யாராவது சொன்னால், பழைய வேலையில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது, புது வேலையில் அது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். தடித்த கேபிள் வேண்டும் என்று நான் சொல்வது சூட்டுக்காக. அந்த 8 கேஜ் வயரில் முழு கரண்ட் ஓடினால் 32 வாட், கார்ப்பெட்டுக்கு அடியில் சூடாக வெளியேறும். 4 கேஜில் 13 வாட்தான். பேட்டரி வலுவிழந்த நாளில், ஐடிலில், இன்ஜின் ஓட்டத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் குறைவாகக் கொடுக்கும் நேரத்தில், ஏற்கெனவே இறங்கி நிற்கும் வோல்டேஜில் இன்னொரு அரை வோல்ட் போனால் ஆம்ப் சீக்கிரமே கிளிப் ஆகும், அதாவது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் கருகுவதற்கு அந்த கிளிப்பிங்கும் ஒரு காரணம்.

ஆகவே 600 வாட், ஐந்து மீட்டர் என்றால் என் தேர்வு சுத்தச் செம்பில் 4 கேஜ். 300 வாட் வரை உள்ள சின்ன ஆம்புக்கு உண்மையான 8 கேஜ் செம்பு போதும். 1000 வாட்டைத் தாண்டினால் ஜீரோவுக்குப் போகலாம். ஆனால் அந்த இடத்தில் கேபிளை விட ஆல்டர்னேட்டர்தான் முதல் கேள்வி. காரின் விளக்கு, ஏசி, ஃபேன் எல்லாம் எடுத்தது போக மீதி என்ன என்று பாருங்கள். இல்லாத கரண்டை எந்தக் கேபிளும் கொண்டுவந்து தராது.

உலோகம்: மூன்று பெயர்கள்

கடையில் மூன்று பெயர் கேட்பீர்கள். ஓஎஃப்சி என்பது ஆக்சிஜன் நீக்கிய செம்பு. சிசிஏ என்பது செம்பு பூசிய அலுமினியம். டின் பூசிய செம்பு மூன்றாவது.

ஓஎஃப்சி என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சம் மிகை. மின்வேலைக்குப் பயன்படும் சாதாரணச் செம்பே 99.9 சதவீதம் தூய்மையானது. ஆக்சிஜன் நீக்கியதற்கும் அதற்கும் கடத்தும் திறனில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட வராது. அந்த எழுத்துகளால் நமக்கு ஆகும் பயன் ஒன்றே ஒன்று. நேர்மையாக ஓஎஃப்சி என்று எழுதியிருந்தால் உள்ளே அலுமினியம் இல்லை. அதனால்தான் சதுர மில்லிமீட்டரில் அளவு சொல்லி விற்கும் வெல்டிங் கேபிளையும் நான் ஒரு நல்ல மாற்றாகச் சொல்வேன். மெல்லிய இழைகள், நன்றாக வளையும், அளவில் ஏமாற்று குறைவு. ஆனால் அதிலும் செம்பா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், அலுமினியத்திலும் வெல்டிங் கேபிள் வருகிறது. வாங்கும்போது உறை எத்தனை டிகிரி வரை தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறுமா என்று கேளுங்கள். போனட்டுக்குள் போகும் வயருக்கு 105 டிகிரி தாங்கும் உறை இருந்தால் நிம்மதி. வீட்டுச் சுவருக்குள் இழுக்கும் ஒற்றைக் கம்பி வயர் மட்டும் காருக்கு வேண்டாம். அதிர்விலும் வளைவிலும் அது களைத்து முறியும்.

சிசிஏ விஷயத்தை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அது மோசடிப் பொருள் அல்ல. லேசானது, விலை குறைந்தது. செம்பின் கடத்தும் திறனில் சுமார் 65 சதவீதம் அதற்கு உண்டு. அதாவது செம்பில் 4 கேஜ் வேண்டிய இடத்தில் சிசிஏவில் 2 கேஜ் போட்டால் கணக்கு சரியாகிவிடும். இரண்டு எண் தடித்து வாங்குங்கள், அவ்வளவுதான். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து இடம் கொடுக்கும். இன்று இறுக்கியது சில மாதங்களில் தளரலாம். மேல் பூச்சு கீறிய இடத்தில் ஈரம் பட்டால் செம்பும் அலுமினியமும் சேர்ந்து அரிக்கத் தொடங்கும். அதில் உருவாகும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் இழைகள் செம்பைவிடச் சீக்கிரம் முறியும். என் ஹோல்டர் உருகியதன் முழுக் கதையும் இந்த மூன்று வரிகளுக்குள் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சங்கடம், சிசிஏ வயர் கிட்கள் சிலவற்றில் அளவே பொய்யாக இருப்பது. மேசை மேல் இருக்கும் அந்த இரண்டாவது துண்டை அளந்தேன். 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 13தான் இருந்தது. அலுமினியத்தின் பலவீனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து மீட்டரில் அதன் தடை சுமார் 10 மில்லி ஓம். உண்மையான 8 கேஜ் செம்பின் தடையும் அதேதான். "4 கேஜ்" என்ற எழுத்தை நம்பி நான் ஓட்டியது 8 கேஜ். இதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உலோகம் மட்டும் எத்தனை சதுர மில்லிமீட்டர்?" பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

டின் பூசிய செம்பு வெள்ளையாகத் தெரியும். கடலை ஒட்டிய ஊர்களில் ஓடும் காருக்கும், அடிக்கடி ஈரம் படும் இடத்தில் போகும் வயருக்கும் அதுதான் நீடிக்கும். படகுகளில் இதைத்தான் போடுவார்கள். சுரண்டிப் பார்க்கும் சோதனை இங்கே தலைகீழாக மாறும். வெளியே வெள்ளை, உள்ளே சிவந்த செம்பு என்றால் நல்லது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் சிசிஏ. இன்னொரு சோதனை, ஓர் இழையை மட்டும் குறட்டில் பிடித்து லைட்டர் தீயில் காட்டுவது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுவதால் மெல்லிய சிசிஏ இழை சுருண்டு நொறுங்கிவிடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அது சிவந்து பழுக்கும், அப்படியே நிற்கும். காருக்கு வெளியே, ஒரே ஓர் இழையில் செய்யுங்கள்.

மூன்றில் எது என்று கேட்டால், போனட்டுக்குள் போகும் வயர் எதற்கும் செம்புதான். டின் பூசியது கிடைத்தால் இன்னும் நல்லது. அளவு சரியாக எழுதிய சிசிஏவை, இரண்டு எண் தடித்து, சின்ன ஆம்புக்குப் போடலாம். அப்போதும் முனைகளில் கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பொருத்திய) லக் எனும் உலோக முனை கட்டாயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் கட்டாயம்.

எர்த்

ஆம்பில் இருந்து பேட்டரிக்குத் திரும்பும் பாதைதான் எர்த். வந்த கரண்ட் அத்தனையும் அதே வழியாகத் திரும்ப வேண்டும். அதனால் எர்த் வயரும் பவர் வயர் அளவுக்கே தடிமனாக இருக்க வேண்டும். ஆம்ப் எர்த்தைக் காரின் பாடியில் கட்டுவதா, பேட்டரி வரை தனி வயர் இழுப்பதா என்பதுதான் இங்கே தேர்வு.

சாதாரண இரும்பு பாடி கார்களில் பாடியே போதும். இரும்பு செம்பைவிட மோசமான கடத்திதான், ஆனால் அந்தத் தகடுகளின் மொத்தப் பரப்பு எந்த வயரையும்விடப் பெரியது. 45 சென்டிமீட்டருக்குள் ஒரு நல்ல இடம் பார்த்துக் கட்டலாம். பாடியும் சேசிஸும் தனித்தனியாக, நடுவே ரப்பர் வைத்து மாட்டிய பிக்கப் வண்டிகளில் கவனம் வேண்டும். அங்கே ஒன்றில் கட்டிய எர்த் மற்றதற்குச் சரியாகப் போய்ச் சேராது. ஆயிரக்கணக்கான வாட் போடுபவர்கள் தனி வயரே இழுத்துவிடுவது நல்லது. புதிய கார்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே கரண்டை அளக்கும் சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆம்ப் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டினால், ஆம்ப் எடுக்கும் கரண்ட் சென்சார் கணக்கில் வராது. சார்ஜிங் குழம்பும். சென்சாருக்கு அப்பால், பாடிப் பக்கம் கட்டுங்கள்.

பாடியில் எந்த இடம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன். இரண்டாவது காரில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் வந்துகொண்டே இருந்தது. ஆர்சிஏவை இரண்டு முறை மாற்றினேன். போகவில்லை. கடைசியில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஆம்பின் எர்த் முனையிலும் வைத்து, பாட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். 0.4 வோல்ட் காட்டியது. எர்த் கட்டிய போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு அடியில் காரின் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. கரண்ட் முழுக்க போல்ட்டின் மரை வழியாகத்தான் பிதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, தகடு மின்னும் வரை சுத்தம் செய்து, பல் வைத்த வாஷரோடு இறுக்கினேன். மீட்டர் 0.03க்கு இறங்கியது. கீச்சும் போய்விட்டது. இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசிவிட்டால் துரு ஏறாது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் எர்த் கட்டாதீர்கள். அந்த போல்ட்டின் வேலை உயிரைப் பிடிப்பது.

ஃபியூஸும் முனைகளும்

பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஆம்பைக் காக்க இல்லை. வயரைக் காக்க இருக்கிறது. விபத்தில் வயர் நசுங்கிப் பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதனால் பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள், எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் ஐந்து மீட்டருக்குக் காவல் கிடையாது.

அளவு இரண்டு எண்களுக்கு நடுவே விழ வேண்டும். ஆம்பின் முதுகில் இருக்கும் ஃபியூஸ்களின் கூட்டுத்தொகைக்குக் குறையக் கூடாது, கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. செம்பில் 8 கேஜுக்கு 50 முதல் 60, 4 கேஜுக்கு 100 முதல் 125, ஜீரோவுக்கு 250 முதல் 300 ஆம்பியர் என்ற அளவில் நிற்பேன். சிசிஏ என்றால் இன்னும் இறங்கி. 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு வைத்த ஆம்ப், 4 கேஜ் செம்பு என்றால் 80 ஆம்பியர் சரியாக இருக்கும்.

கண்ணாடிக் குழாய் ஃபியூஸா, போல்ட் போட்டு இறுக்கும் ஏஎன்எல் தகடு ஃபியூஸா என்றால் தயங்காமல் ஏஎன்எல். குழாய் ஃபியூஸ் இரண்டு மூடிகளால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதிர்விலும் சூட்டிலும் அந்தத் தொடுதல் தளர்கிறது. மினி ஏஎன்எல், மிடி வகைகளும் போல்ட்டில்தான் உட்காரும், சின்ன ஆம்புக்கு அவை போதும்.

முனைகளில் சால்டர் செய்வதா, கிரிம்ப் செய்வதா? இது பழைய சண்டை. நான் கிரிம்ப் பக்கம். சால்டர் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் வயர் விறைத்துப்போகும். அதிரும் காரில் அந்த விளிம்பில்தான் முறிவு வரும். ஆனால் கிரிம்ப் என்றால் சரியான கருவியால் அழுத்திய கிரிம்ப். சாதாரணக் குறட்டால் நசுக்கியதைவிட நல்ல சால்டர் எவ்வளவோ மேல். எப்படிச் செய்தாலும், சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை ஒன்றை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஆர்சிஏ: எங்கே செலவழிக்க வேண்டாம்

இங்கே தேர்வு மூன்று. வெளியே வலை சுற்றிய கோஆக்சியல் கேபிள், முறுக்கிய ஜோடி கேபிள், அல்லது ஆர்சிஏவே வேண்டாம் என்று ஸ்பீக்கர் வயரில் இருந்தே சிக்னலை எடுக்கும் ஹை லெவல் இன்புட்.

பவர் வயர்களைச் சுற்றி வரும் காந்தப்புல இரைச்சலுக்கு முறுக்கிய ஜோடி நன்றாகத் தாங்கும், அதிலும் ஆம்பின் இன்புட், இரண்டு வயர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஷியல் வகையாக இருந்தால். நடுத்தரமான முறுக்கு கேபிள் ஒன்று போதும். அதற்கு மேல் போடும் காசு காதுக்கு வந்து சேராது. பிளக் இறுக்கமாக உட்காருகிறதா, நீளம் காரின் அளவுக்குச் சரியா என்று மட்டும் பாருங்கள். பவர் கேபிள் ஒரு பக்கக் கதவுக்கு அடியில் இருக்கும் சில்லில் (வாசல்படித் தகடு) போனால் ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள். கீச்சுச் சத்தம் வந்தால் ஆர்சிஏவை மாற்றும் முன் எர்த்தை அளந்து பாருங்கள். எர்த் கழன்ற ஆம்ப், ஆர்சிஏவின் மெல்லிய வலை வழியாகவே கரண்டைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். சில ஹெட் யூனிட்டுகளின் (டாஷ்போர்டு ஸ்டீரியோக்களின்) உள்ளே இருக்கும் பொடி ஃபியூஸ் அதில் கருகிவிடும், அப்புறம் அந்தக் கீச்சு நிரந்தரம்.

கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு ஹை லெவல்தான் வழி, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆர்சிஏவில் வருவது இரண்டு அல்லது நான்கு வோல்ட் சிக்னல். ஸ்பீக்கர் வயரில் பெரும்பாலும் அதைவிட வலுவாக வருவதால் வழியில் ஒட்டும் இரைச்சல் பெரிதாகத் தெரியாது. ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் நெகட்டிவை மட்டும் பாடியில் தொட விடாதீர்கள். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் அது எர்த் அல்ல, இரண்டு முனையிலும் சிக்னல் ஓடும்.

ரிமோட் வயருக்கு 18 கேஜ் போதும். அது ஆம்பை எழுப்பும் சுவிட்ச் மட்டும்.

ஸ்பீக்கர் வயர்: பழையதை வைத்துக்கொள்ளலாமா

கதவு ஸ்பீக்கருக்குப் புது வயர் இழுப்பதுதான் இந்த வேலையிலேயே கை நோகும் பகுதி. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள், சில கார்களில் அடைத்த கனெக்டர் வழியாக நுழைக்க வேண்டும். அது தேவையா என்று முதலில் கணக்குப் போடுங்கள். 75 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட் 4.3 ஆம்பியர்தான். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 16 கேஜ் செம்பு போட்டால் போய்வரும் தடை 0.13 ஓம், இழப்பு 0.3 டெசிபலுக்குள். 18 கேஜிலும் அரை டெசிபலைத் தாண்டாது. கம்பெனி வயர் பெரும்பாலும் அதைவிடவும் மெல்லியது. இருந்தும் 50, 60 வாட் வரை அதையே விட்டுவைக்க நான் தயங்க மாட்டேன். 100 வாட்டைத் தாண்டினால் கஷ்டப்பட்டாவது 16 கேஜ் இழுத்துவிடுவேன்.

பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்குக் கணக்கு வேறு. 1 ஓம் சுமையில் அதே 0.13 ஓம் தடை இருந்தால் ஆம்பின் பவரில் கணிசமான பங்கு வயரிலேயே தங்கிவிடும். நல்லவேளையாக ஆம்பும் சப்வூஃபரும் டிக்கியிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 12 கேஜில் ஒரு மீட்டர் போட்டால் இழப்பு ஒரு சதவீதம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டில் ஓட்டை வழியாக கேபிள் போகும் இடத்தில் ரப்பர் வளையம் (கிரோமெட்) இல்லாமல் விடாதீர்கள், தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி உறையை அறுக்கும். சில்லுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. தொடாதீர்கள், மீட்டர் முனையைக்கூட வைக்காதீர்கள். ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

பேட்டரி பக்கத்து ஃபியூஸைக் கடைசியாகப் போடுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, உங்கள் வழக்கமான உச்ச சத்தத்தில் ஒரு மணி நேரம் பாட்டு ஓடட்டும். பாட்டை நிறுத்தி, இன்ஜினை அணைத்ததும் போனட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு முனைகளையும், டிக்கியில் எர்த் போல்ட்டையும், ஆம்பின் பவர் முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிட லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவுக்கு ஒரு முனை மட்டும் சுட்டால், அந்த முனையைக் கழற்றி, புது லக் போட்டுக் கிரிம்ப் செய்து, மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.